பங்குனி உத்திரத்துக்கு 9 நாள், ஆர்மோனியத்தில் பஞ்சமம் ('ப' ஸ்வரம்) பேசமாட்டேங்குது

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெரு பஜனைக் குழுவின் ஆர்மோனியம் கைத்துருத்தி வகை, இரட்டை ரீட் (அழுத்தும் ஒவ்வொரு கட்டைக்கும் ஒலி எழுப்பும் இரண்டு உலோக நாக்கு), மூன்றரை ஸ்தாயி, வாங்கி 12 வருஷம் இருக்கும்.

மாசி மகத்தன்று வேன் வண்டிக்குள் மத்தியான வெயிலில் மூன்று மணி நேரம் கிடந்தது, மறுநாளிலிருந்து தொல்லை. நாங்கள் பாடுவது 2 கட்டை சுருதி, அதில் மத்திய ஸ்தாயி பஞ்சமத்தை அழுத்தினால் ஒரு ரீட் சுத்தமாகப் பேசுகிறது, இன்னொன்று தகரத்தில் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி கரகரக்கிறது. கட்டையை விட்டால் சத்தம் நின்றுவிடுகிறது, துருத்தியிலும் காற்று ஒழுகவில்லை. வசந்தா ராகத்தில் பஞ்சமமே கிடையாது என்பதால் அந்த ஒரு பாட்டு மட்டும் தப்பித்தது! காவடிச்சிந்தெல்லாம் செஞ்சுருட்டியில், பஞ்சமம் இல்லாமல் ஒரு அடி நகராது.

மேல் பலகையைத் திறந்து மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினேன், ரீட் நாக்குக்கு அடியில் காகிதத் துண்டை விட்டு இழுத்தேன், ஸ்க்ரூவை இறுக்கினேன். அரை நாள் சரியாக இருந்துவிட்டு மறுபடியும் அதே கதை. அரம் போட்டு ராவச் சொல்கிறார்கள், சுருதி போய்விடும் என்று கை வைக்கவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கேட்டதற்கு பெங்களூருக்கு அனுப்பணும், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அப்புறம் கீபோர்டு வாடகைக்கு எடுக்கலாமென்றால் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் மனசில்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் பக்கம் ரீட் மாற்றி சுருதியும் சேர்த்து இரண்டு மூன்று நாளில் கொடுக்கிற ஆள் யாராவது தெரியுமா?