143 பேக்கேஜ், ஒரே ரெப்போ: யார் யாரை நம்பி இருக்காங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மடிவாளா மாடிவீடு:
வணக்கம். பெங்களூர் பெல்லந்தூர்ல ஒரு கம்பெனியில சேர்ந்து ரெண்டு மாசம் ஆகுது. ஃப்ரன்ட்எண்ட் கோட் மொத்தமும் ஒரே ரெப்போல (கோட் களஞ்சியம்), பேக்கேஜை எல்லாம் இறக்கி இணைக்கிறது யார்ன் 1. ஒவ்வொரு பேக்கேஜும் யாரை நம்பியிருக்குன்னு எழுதி வெக்கிற பேக்கேஜ்.ஜேசன் ஃபைலை மட்டும் எண்ணினேன், 143. ஆப்ஸ், லிப்ஸ், அப்புறம் என்னைக்கோ யாரோ போட்ட 'பழசு'ன்னு ஒரு ஃபோல்டர்.

தேதி காட்டுற லைப்ரரியை மாத்தினா எந்தெந்த ஆப் அடிவாங்கும்னு வியாழக்கிழமைக்குள்ள மேப் வேணுமாம் லீடுக்கு. எல்லாத்தையும் படிச்சு, கிராஃப்விஸ்ங்கிற படம் வரையிற டூல்ல வரைஞ்சேன். வந்தது இடியாப்பம். ப்ரொஜெக்டர்ல போட்டதும் பக்கத்து டீம் கன்னட நண்பர், "இது ட்ராஃபிக் ஜாம்ல சிக்கின சில்க் போர்டு ஜங்ஷன்தானே?"ன்னு கேட்டுட்டார்.

இன்னொரு குழப்பம். அந்த லைப்ரரியில நான் ஒரு பக் சரிபண்ணி மெர்ஜ் ஆகி ஒரு வாரம். எல்லா ஆப்லயும் சரியாயிடுச்சு, பில்லிங் ஆப்ல மட்டும் இன்னும் பிப்ரவரி 30 வருது. ஒரே ரெப்போதானே? இறக்கின பேக்கேஜெல்லாம் உட்கார்ற நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை மூணு தடவை அழிச்சுப் போட்டும் பார்த்தாச்சு.

காஞ்ச மொளகா:
யார்ன் 1-ஐ விட்டு வெளிய வாங்க ப்ரோ. அதே வேலையைச் செய்ற பிஎன்பிஎம்ங்கிற டூல்ல ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு. பேக்கேஜ் பேருக்கு முன்னாடி மூணு புள்ளி வெச்சா அதை நம்பியிருக்கிறவங்க லிஸ்ட், பின்னாடி வெச்சா அது யாரை நம்பியிருக்குன்னு லிஸ்ட். பெரிய ரெப்போவுக்கான என்எக்ஸ்ங்கிற டூல்னா கிராஃபே பிரவுசர்ல திறக்கும்.

ஈசிட்டி கிழவன்:
மொளகா சொல்றது சரிதான். ஆனா வியாழக்கிழமைக்குள்ள 143 பேக்கேஜை யாரும் மாத்த முடியாது. தம்பிக்கு வேலை போயிடும்.

தம்பி, முதல்ல பில்லிங். அதோட பேக்கேஜ்.ஜேசன்ல தேதி லைப்ரரிக்கு என்ன வெர்ஷன் போட்டிருக்குன்னு பாருங்க. கேரட் (^) குறியோட 1.4.0 மாதிரி ஏதாவது இருக்கும், ரெப்போல இருக்கிற லைப்ரரி 2-க்குப் போயிருக்கும். கேரட் 1 போட்டா 2-ஐ ஏத்துக்காது. அப்போ யார்ன் பக்கத்து ஃபோல்டரை லிங்க் பண்ணாது. பப்ளிஷ் பண்ணின பேக்கேஜெல்லாம் இருக்கிற ரெஜிஸ்ட்ரிக்குப் போய் பழைய 1-ஐ இறக்கி, பில்லிங்கோட சொந்த நோட் மாட்யூல்ஸ்ல வெச்சிடும். எர்ரர் எதுவும் வராது. எல்எஸ் மைனஸ் எல் கமாண்ட் அடிச்சா தெரிஞ்சிடும்: ரெப்போவோட ரூட் ஃபோல்டர் நோட் மாட்யூல்ஸ்ல அம்புக்குறியோட சிம்லிங்க் (வேற ஃபோல்டரைக் காட்டுற குறுக்குவழி), பில்லிங்குள்ள நிஜ ஃபோல்டர். நீங்க எத்தனை தடவை அழிச்சாலும் அது மறுபடி அதையேதான் இறக்கும்.

எனக்கு இது நடந்தப்போ பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பி அத்திப்பள்ளி டோல்ல நிக்கிறேன். பஸ்லயே லேப்டாப்பைத் திறந்து, கிருஷ்ணகிரி வரைக்கும் தப்பான ஃபோல்டரையே நோண்டிக்கிட்டு இருந்தேன்.

இப்போ மேப். 'யார்ன் வொர்க்ஸ்பேசஸ் இன்ஃபோ' அடிங்க, சைலன்ட் ஃப்ளாகோட. இல்லன்னா மேலயும் கீழயும் யார்ன் தன் பேச்சைச் சேர்த்து, அது தர்ற ஜேசன் டேட்டாவைக் கெடுத்துடும். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் அது இருக்கிற இடம், ரெப்போக்குள்ள யாரை நம்பியிருக்கு, அப்புறம் மிஸ்மேட்ச்டுன்னு (வெர்ஷன் பொருந்தாதது) ஒரு லிஸ்ட். அந்த மூணாவதுலதான் பில்லிங் மாதிரி ஆளுங்க மாட்டுவாங்க. காலியா இல்லாத எல்லாத்தையும் முதல்ல எழுதி வெச்சுக்குங்க.

143 பெட்டியையும் வரையாதீங்க. உங்க லீட் கேட்டது தலைகீழ் கேள்வி. தேதி லைப்ரரியில ஆரம்பிச்சு, அதை யார் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க, அவங்களை யார் கூப்பிடுறாங்கன்னு மேல ஏறிக்கிட்டே போங்க. ஆப்ஸ் ஃபோல்டர் வந்தா நிறுத்துங்க. வந்ததை கிராஃப்விஸ் கூடவே வர்ற ட்ரெட்ங்கிற கமாண்ட்ல விடுங்க: ஏயிலிருந்து பி, பியிலிருந்து சின்னு வழி இருந்தா, ஏயிலிருந்து சிக்குப் போற நேர்க்கோட்டை எடுத்துடும். படம் பாதி இளைச்சிடும். வட்டமா சுத்துற டிபெண்டென்சி இருந்தா ட்ரெட் குழம்பும், அதனால முன்னாடி எஸ்சிசிமேப் ஓட்டி வட்டத்தையெல்லாம் தனியா எடுங்க. ட்ரெட் படத்தைப் பார்த்து பேக்கேஜ்.ஜேசன்ல வரியை அழிச்சுடாதீங்க, அது கண்ணுக்கு மட்டும்தான்.

கடைசியா ஒண்ணு. இதெல்லாம் எழுதி வெச்சிருக்கிற உறவுதான். யார்ன் எல்லாத்தையும் ரூட்டுக்கு ஏத்திடுறதால, பேக்கேஜ்.ஜேசன்ல எழுதாமலே இம்போர்ட் பண்றவனுக்கும் ஓடும். லைப்ரரி பேரை, கோடுக்குள்ள தேடுற கிட் கிரெப் கமாண்ட்ல தேடி ரெண்டு லிஸ்டையும் ஒப்பிடுங்க.

காஞ்ச மொளகா:
அந்தக் கடைசி வியாதிக்குத்தான் பிஎன்பிஎம்னேன் அண்ணா. எழுதலைன்னா இம்போர்ட்டே ஆகாது.

ஈசிட்டி கிழவன்:
ஒத்துக்கிறேன். மேப் முடிஞ்சதும் மாறட்டும். மேப் இல்லாம மாறினா எது உடைஞ்சதுன்னே தெரியாது.

மடிவாளா மாடிவீடு:
புதன் ராத்திரி 11:40. அண்ணா, கேரட் 1.4.0-ஏதான்! ஒரு எழுத்து மாறல. மிஸ்மேட்ச்டுல பில்லிங்கோட இன்னும் ரெண்டு பேர் இருந்தாங்க, அவங்க பக்கம் யாரும் கம்ப்ளெயின்டே பண்ணலை. மேல ஏறிப் பார்த்ததுல 9 ஆப், ட்ரெட்டுக்கு அப்புறம் படம் ஒரு ஏ4 தாள்ல வந்துடுச்சு.

கிரெப்ல பத்தாவதா ஒண்ணு கிடைச்சது. 'பழசு' ஃபோல்டர்ல, எங்கயும் எழுதாம இம்போர்ட் பண்ணிட்டு, ப்ரொடக்‌ஷன்ல ஓடிக்கிட்டு இருக்கு. இது யாரோடதுன்னு ஸ்லாக்ல கேட்டிருக்கேன். ஆறு பேர் கண்ணு இமோஜி போட்டிருக்காங்க, பதில் இன்னும் வரலை.