அலைன்மென்ட்: சீரமைப்பா, இணைமட்டமா? (படப்பெருக்கிக் கலைச்சொற்கள்)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நெகட்டிவிலிருந்து தாளில் பெரிய படம் போடும் பழைய என்லார்ஜர் ஒன்றை வாங்கி, வீட்டு இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படம் போட நினைப்பவர்களுக்கான நம் கையேட்டில் பாதித் தமிழ்ச் சொற்கள் தேறிவிட்டன. என்லார்ஜருக்குப் 'படப்பெருக்கி' என்பதை யாரும் மறுக்கவில்லை. 'ஒளிபெருக்கி' வேண்டாம் என்றது சரியான முடிவு. வாய்விட்டுச் சொன்னால் கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கிதான் நினைவுக்கு வரும். 'உருப்பெருக்கி' பூதக்கண்ணாடிக்குப் போய்விட்டது. லென்ஸுக்கு மேலே நீண்டு சுருங்கும் மடிப்புப் பையான பெல்லோஸுக்குத் 'துருத்தி' கொல்லன் பட்டறையிலிருந்து நேராக வந்த சொல், விளக்கமே வேண்டாம். இழுபறி 'அலைன்மென்ட்'டில்தான்.

> சீரமைப்பு என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான், ஆனால் வேறொரு வேலைக்குத் தெரிந்த சொல். சாலைச் சீரமைப்பு, ஏரிச் சீரமைப்பு என்று தினமும் படிக்கிறோம். 'படப்பெருக்கியைச் சீரமைக்கவும்' என்று எழுதினால், பழுது பார்க்கச் சொல்கிறோம் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். நம் கையேட்டில் பழுதுபார்ப்புக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. பழைய கருவிகள் பலவற்றில் இரண்டு பின் ஒயர்தான். விளக்குக் கூண்டோ உலோகம். அதை எர்த் உள்ள மூன்று பின் ஒயராக மாற்றிய பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும். லென்சிலும், விளக்கொளியைத் திரட்டும் கண்டன்சரிலும் பூஞ்சை, துருத்தியில் ஓட்டை, கம்பத்தில் துரு எல்லாம் அந்த அத்தியாயத்தில் வருகின்றன. 'சீரமைப்பு' பொருந்துவது அங்கேதான்.

அலைன்மென்ட் என்பது வேறு. படப்பெருக்கியில் மூன்று தளங்கள் இருக்கின்றன: மேலே நெகட்டிவ், நடுவில் லென்ஸ், கீழே தாள் கிடக்கும் அடிப்பலகை. இவை மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். கருவி புதிதாக இருந்தபோது அப்படித்தான் நின்றிருக்கும். ஸ்டூடியோ மூடி, பரணில் ஏறி, லாரியில் வந்து, நம் கைக்குச் சேரும்போது கம்பத்தின் அடித்திருகு தளர்ந்திருக்கும், அல்லது லென்ஸ் பலகை ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அப்போது படத்தின் ஒரு மூலை கூர்மையாகவும் எதிர்மூலை மங்கலாகவும் வரும். புதிதாக வாங்கியவர் லென்ஸைத்தான் சந்தேகிப்பார். நல்ல லென்ஸைக் கழற்றி விற்றவர்களும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்கும் முறையைக் கையேட்டில் விரிவாகவே எழுத வேண்டும் என்பது என் கருத்து. வெளிச்சம் பட்டு, டெவலப் செய்தபின் முழுக்கக் கறுத்துப்போன ஃபிலிம் துண்டு ஒன்று போதும். ஊசியால் நடுவில் ஒரு கூட்டல் குறி, நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று, ஓரத்தை ஒட்டி ஒரு செவ்வகம் கீற வேண்டும். அதை ஃபிலிமைப் பிடிக்கும் நெகட்டிவ் கேரியரில் வைத்து, லென்ஸை முழுத் திறப்பில் விட்டு, நடுக்குறியைக் குவியப்படுத்த வேண்டும். அப்புறம், தாளில் விழும் உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கிரெய்ன் ஃபோகசரை ஒவ்வொரு மூலைக்கும் நகர்த்திப் பார்த்தால் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று தெரிந்துவிடும். கீழே விழும் செவ்வகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களை அளவுகோலால் அளக்கலாம். ஒரு பக்கம் அகன்றும் எதிர்ப்பக்கம் குறுகியும் இருந்தால் நெகட்டிவும் பலகையும் இணையாக இல்லை. செவ்வகம் சரியாக இருந்தும் மூலை மங்கினால் முதலில் லென்ஸ் தளத்தைப் பார்க்க வேண்டும்.

லென்ஸின் திறப்பைச் சுருக்கி எஃப் 8க்கு மூடினால் எல்லாம் கூர்மையாகிவிடுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். சிறிய சாய்வு மறையும், உண்மை. ஆனால் நெகட்டிவ் பக்கம் அப்படிப் பொறுத்துப்போவதில்லை. 8 மடங்கு பெருக்கும்போது (35 மி.மீ. ஃபிலிமிலிருந்து 8-க்கு 10 தாளுக்கு ஏறக்குறைய இந்த அளவுதான்) தாள் பக்கம் தாங்கும் பிழையில் 64-இல் ஒரு பங்கைத்தான் நெகட்டிவ் பக்கம் தாங்கும். தாள் சில மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் ஒன்றும் ஆகாது. நெகட்டிவ் ஒரு தலைமுடி கனம் நகர்ந்தாலே படத்தில் தெரியும். சூட்டில் ஃபிலிம் நடுவில் வளைந்து குவியம் விலகுவதும் இதனால்தான்.

இனி சொல்லுக்கு வருகிறேன். இந்த வேலையை நம் தச்சரும் கொத்தனாரும் நாள்தோறும் செய்கிறார்கள். அவர்கள் சொல் 'மட்டம்'. ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார்கள், மூலைமட்டம் வைத்துப் பார்க்கிறார்கள். அதை எடுத்து, இணை என்பதை முன்னால் சேர்த்து 'இணைமட்டம்' என்று வைக்கலாம் என்று முன்மொழிகிறேன். 'மூன்று தளங்களையும் இணைமட்டத்துக்குக் கொண்டுவரவும்', 'இணைமட்டம் பார்க்கவும்', 'இணைமட்டம் தவறியிருக்கிறது' என்று வினையோடும் தடையில்லாமல் சேர்கிறது.

> மட்டம் என்றால் கிடைமட்டம் அல்லவா? அடிப்பலகை தரைக்குக் கிடையாக இருக்க வேண்டும் என்று தவறாகப் புரிந்துகொள்வார்களே, ஐயா?

நல்ல கேள்வி, தம்பி. 'மட்டம்' என்று தனியாக வைத்தால் அந்தக் குழப்பம் வரும். 'இணை' சேர்த்ததே அதற்காகத்தான். ரசமட்டத்தைக் கொண்டு சரிபார்க்கும்போதுகூட, குமிழி நடுவில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேசை சாய்ந்திருந்து, பலகையின் மேல் குமிழி ஒரு கோடு இடப்பக்கம் நின்றால், நெகட்டிவ் மேடையிலும் லென்ஸ் வளையத்திலும் அதே ஒரு கோடு இடப்பக்கம் நிற்க வேண்டும். நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை. மூன்றிடத்திலும் ஒரே அளவு, அதுதான் கணக்கு. பெரிய படம் போடுவதற்காகத் தலைப்பகுதியைத் திருப்பிச் சுவரில் ஒளியைப் பாய்ச்சும் கருவிகளும் உண்டு. அப்போது மூன்று தளங்களும் செங்குத்தாக நிற்கும். கிடை என்ற பேச்சுக்கே இடமில்லை, இணை மட்டும்தான் மிஞ்சும். மூலைமட்டத்தில் உள்ள மட்டமும் கிடையைக் குறிப்பதில்லை, பிசகின்மையைக் குறிக்கிறது.

'மட்டமான சரக்கு' என்ற பொருள் ஒட்டிக்கொள்ளுமே என்ற கவலையும் எழுந்தது. கடல்மட்டம், நீர்மட்டம் என்று சொல்லும்போது அந்தப் பொருள் யாருக்கும் கேட்பதில்லை. கூட்டுச்சொல்லுக்குள் போனபின் இதிலும் கேட்காது.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க, அதற்கு எதிரான நிலையைச் சொல்லவும் அதிலிருந்தே சொல் கிடைக்கிறதா என்று பார்ப்பேன். படப்பெருக்கியில் அப்படி ஒரு நிலை உண்டு. கோயில் கோபுரத்தைக் கீழிருந்து கேமராவை அண்ணாத்திப் பிடித்து எடுத்தால் மேலே போகப் போகக் குறுகிச் சாய்ந்தாற்போல விழும். கோபுரம் இயல்பிலேயே மேலே குறுகுவதுதான். படத்தில் அது கூடுதலாகக் குறுகும், பக்கத்துத் தூண்களும் உள்நோக்கிச் சரியும். அச்சிடும்போது, உச்சி விழும் பக்கம் லென்சிலிருந்து தொலைவாகும்படி தாளைச் சாய்த்தால் தூண்கள் நிமிரும். ஆனால் குவியம் போய்விடும். அதை மீட்க நெகட்டிவையோ லென்ஸையோ சாய்க்க வேண்டும். மூன்று தளங்களையும் நீட்டினால் அவை ஒரே கோட்டில் போய்ச் சந்திக்கும் அளவுக்கு. 1904-இல் காப்புரிமை பெற்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளுக் பெயரால் வழங்கும் விதி இது. வேண்டுமென்றே இணையைக் கலைக்கும் இந்த நிலைக்குச் 'சாய்மட்டம்' என்று சொல்லலாம். இணைமட்டம், சாய்மட்டம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்குகின்றன. 'சீரமைப்பு'க்கு எதிராக 'சீர்குலைப்பு' என்று இங்கே எழுத முடியாது. நாம் குலைக்கவில்லை, கணக்கோடு சாய்க்கிறோம்.

தாளைப் பிடிக்கும் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரைவில் அதை 'ஈசல்' என்றே விட்டிருக்கிறார்கள். மழைக்கால ராத்திரியில் விளக்கைச் சுற்றும் ஈசல் இருக்கும்போது, விளக்கும் இருட்டும் பேசுகிற கையேட்டில் இது ஆகாது. 'தாள்சட்டம்' போதும். 'தாள்சட்டத்தை அடிப்பலகையில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒதுக்கவும்' என்று எழுதினால் படிப்பவர் கை தானாகப் போகும்.

லென்ஸை 'வில்லை' ஆக்கலாமா என்ற கேள்வியில் நான் இருபக்கமும் நிற்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் வில்லை நன்றாக வேரூன்றியிருக்கிறது. இங்கே ஸ்டூடியோக்காரர் லென்ஸ் என்றுதான் கேட்பார். பழைய கடையில் போய் '50 மி.மீ. லென்ஸ், 39 மி.மீ. திருகு' என்று கேட்க வேண்டியவர் நம் வாசகர். அதனால் கையேட்டில் லென்ஸ் இருக்கட்டும், சொல்லடைவில் வில்லையும் சேரட்டும்.

மிச்சம் இருப்பது கண்டன்சர். மின்சாரக் கண்டன்சருக்குரிய 'மின்தேக்கி'யை யாராவது எழுதிவிடுவதற்குள் முடிவு செய்தாக வேண்டும். படப்பெருக்கியில் இருப்பது விளக்கொளியைத் திரட்டி நெகட்டிவ் முழுவதும் சீராகப் பாய்ச்சும் தடித்த கண்ணாடி. 'குவிப்பு லென்ஸ்' என்று எழுதினால் பள்ளியில் படித்த 'குவிலென்ஸ்' குறுக்கே வருகிறது. 'ஒளிதிரட்டி' எனக்குப் பிடித்திருக்கிறது. தச்சுப் பட்டறையும் ஸ்டூடியோவும் தெரிந்தவர்கள் இணைமட்டத்தையும் இதையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, இடறினால் எழுதுங்கள்.

அன்புடன்.