விசிறி சுழல்கிறது, டிஸ்பிளே வரவில்லை: காத்திருப்பதா, கழற்றிப் பார்ப்பதா?

புதுக்கை:
வணக்கம். நேற்றிரவு முதன்முறையாக நானே ஒரு கணினியை அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி). பவர் பட்டனை அழுத்தினால் எல்லா விசிறிகளும் சுழல்கின்றன. மானிட்டரில் மட்டும் எதுவும் வருவதில்லை. மதர்போர்டின் ஓரத்தில் உள்ள நான்கு சிறு விளக்குகளில் ரேமுக்கு உரியது எரிந்தபடியே இருக்கிறது. அரை நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துவிடுகிறேன். இப்படி ஏழெட்டு முறை ஆகிவிட்டது. கடைக்காரர் போர்டையும் ரேமையும் கழற்றிக் கொண்டு வரச் சொல்கிறார். போகலாமா?

பொறுமைசாலி:
போக வேண்டாம். உங்கள் பிராசசர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட் 2022இல் வந்த நாளிலிருந்தே, புதிதாகப் பூட்டியவர்களை இது பயமுறுத்தி வருகிறது. முதன்முறை இயங்கும்போது, ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலுள்ள தடங்களில் சமிக்ஞைகள் பிழையின்றி வந்து சேர்வதற்கான நேர அளவுகளையும் மின்னழுத்தத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்தே பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) முடிவு செய்கிறது. இதைத்தான் மெமரி டிரெயினிங் என்கிறோம். திரையை எழுப்பும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும் என்பதால், அதுவரை கறுப்புத்தான். டிடிஆர்5இல் இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். அரை நிமிடத்தில் அணைத்து, ஒவ்வொரு முறையும் அதை முதலிலிருந்து தொடங்க வைத்திருக்கிறீர்கள். பட்டனை அழுத்திவிட்டு, கால் மணி நேரம் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள்.

திருப்புளி:
நண்பர் சொல்லும் விளக்கம் சரி. ஆனால் அதையே முதல் மருந்தாகக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. டிரெயினிங் நடந்தாலும் அதே விளக்குதான் எரிகிறது, ரேம் சரியாக உட்காரவில்லை என்றாலும் அதே விளக்குதான் எரிகிறது. பல போர்டுகளில் ரேம் சாக்கெட்டின் ஒரு முனையில் மட்டுமே கொக்கி இருக்கும். அந்த முனையில் "டக்" என்ற சத்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவோம், மறுமுனை ஒரு மயிரிழை மேலே தூக்கியபடி நிற்கும். கேபினட்டைப் படுக்க வைத்து, இரு முனைகளிலும் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே ஒரு ரேமை, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் சாக்கெட்டில் போடுங்கள். கிராபிக்ஸ் கார்டையும் கழற்றிவிட்டு, எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டிலேயே செருகுங்கள். 7600க்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. (உள்ளே கிராபிக்ஸ் இல்லாத 7500எஃப் வாங்கியிருந்தால் இந்த வழி உதவாது.) பயாஸ் அமைப்புகளை அழிக்க, போர்டில் காசு வடிவில் இருக்கும் சிமாஸ் பேட்டரியையும் ஐந்து நிமிடம் எடுத்து வையுங்கள்.

பொறுமைசாலி:
பேட்டரியைக் கழற்றுவது நான் சொல்வதற்கு நேர் எதிரானது. டிரெயினிங்கில் கண்டறிந்த அளவுகளும் அதோடு அழிந்துபோகும். கிராபிக்ஸ் கார்டுக்கு உரிய விளக்கு எரியாதபோது அதை ஏன் கழற்ற வேண்டும்? பழகாத கை உள்ளே போகப் போக ஆபத்துத்தான். ஏஎம்5இல் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் போர்டு போய்விடும்.

திருப்புளி:
பிராசசரைத் தொடும்படி நான் எங்கே சொன்னேன்? பேட்டரி விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன்: டிரெயினிங் ஒரு முறைகூட முடியாத போர்டில் அழிவதற்கும் ஒன்றுமில்லை, அழிப்பதால் லாபமும் இல்லை. ஆனால் காத்திருப்புக்கு ஓர் எல்லை வேண்டும். இதே அறிவுரையை நம்பி நான் ஒரு மணி நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் ரேமைக் கழற்றி மாட்டியதும் திரை வந்தது.

புதுக்கை:
இருவர் சொன்னதையும் வரிசையாகச் செய்தேன். முதலில் எதையும் தொடாமல் இருபது நிமிடம் காத்திருந்தேன், விளக்கு அணையவில்லை. பிறகு கேபினட்டைப் படுக்க வைத்துப் பார்த்தால், ஒரு ரேமின் கீழ் முனை முழுதாக உள்ளே இறங்காமல், தங்க நிறக் கோடு மெலிதாகத் தெரிந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதை மட்டும் இரண்டாவது சாக்கெட்டில் அழுத்திப் பொருத்தினேன். அப்போதும் உடனே திரை வரவில்லை. அணைக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். ஏறக்குறைய மூன்று நிமிடம் கழித்து பயாஸ் திரை வந்தது. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றவே இல்லை.

திருப்புளி:
அப்படியானால் காரணம் ரேம் பொருந்தாததுதான்.

பொறுமைசாலி:
அந்த மூன்று நிமிடத்தை விட்டுவிட்டீர்கள். பழைய வழக்கப்படி அரை நிமிடத்தில் அணைத்திருந்தால், சரியாகப் பொருந்திய ரேமையும் பழுது என்று சொல்லிக் கடைக்கு எடுத்துப் போயிருப்பார்.

புதுக்கை:
இரண்டாவது ரேமையும் நான்காவது சாக்கெட்டில் போட்டு, 6000 வேகத்துக்காக பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கிச் சேமித்தேன். திரை மறுபடி கறுப்பாகி, அதே விளக்கு எரிகிறது. தட்டச்சு செய்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்; இரு முனைகளையும் அழுத்திவிட்டேன் என்பதால், இந்த முறை பட்டன் பக்கம் போகப் போவதில்லை.