மீன் நிறைய உள்ள இடத்துக்குப் பென்குயின் ஏன் போவதில்லை? (ஆப்பிரிக்கப் பென்குயின், ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையை ஒட்டிய பெங்குவேலா கடல்)

கேள்வி: தெற்குக்கடல்

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள டாசன், ராபன் தீவுகளில் குஞ்சு வளர்க்கும் ஆப்பிரிக்கப் பென்குயின்களின் ஜிபிஎஸ் தடங்களையும், ஆய்வுக் கப்பல் எக்கோ சவுண்டரால் (ஒலியை அனுப்பி, எதிரொலியால் மீனைக் காட்டும் கருவி) எடுத்த நெத்திலி, மத்தி வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். பொருந்தவே மாட்டேன் என்கிறது. கப்பல் "இங்கே மீன் குவிந்திருக்கிறது" என்று காட்டும் இடத்துக்குப் பறவை போவதில்லை. ஒன்றுமே இல்லை என்று காட்டும் இடத்தில் மணிக்கணக்காக முங்கி எழுகிறது.

1. தவறு தடத்திலா, வரைபடத்திலா?
2. பறவையின் முதுகில் கட்டிய ஆழமானியின் பதிவை மட்டும் வைத்து எத்தனை மீன் பிடித்தது என்று சொல்ல முடியுமா?
3. மீன் இருக்கும் இடம் பென்குயினுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: நீரடி

முதலில் கப்பல் ஓடிய மாதத்தைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் இந்தக் கணக்கெடுப்பு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. மே, ஜூன் வாக்கில் நடப்பது அந்த ஆண்டின் இளம் மீன்களை எண்ண. நவம்பரை ஒட்டி நடப்பது முட்டையிடும் பெரிய மீன்களை எண்ண. மேற்குக் கரைத் தீவுகளில் குஞ்சு வளர்ப்பு பெரும்பாலும் அங்கத்திய குளிர்காலத்தில்தான். நீங்கள் வைத்திருப்பது நவம்பர் வரைபடம் என்றால் பொருந்தாததில் வியப்பே இல்லை. அப்போது பெரிய மீன் ஆப்பிரிக்காவின் தென்கோடியான அகுல்யாஸ் முனைக்குக் கிழக்கே தள்ளி இருக்கும். பறவை குஞ்சுக்கு ஊட்டும் மாதங்களில் நம்பியிருப்பதோ, வடக்கே வளர்ந்துவிட்டுக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கிவரும் இளம் நெத்திலியை.

மாதம் சரியாக இருந்தாலும் இன்னும் மூன்று இடத்தில் வழுக்கும்.

கப்பலின் அடியில் பொருத்திய எக்கோ சவுண்டருக்கு மேல்நீரின் சில மீட்டர் தெரியாது. கருவியே நீருக்குள் சில மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதற்குக் கீழும் கொஞ்சம் குருட்டுப் பகுதி உண்டு. மேலே திரியும் மீன் கூட்டம் கப்பலைக் கண்டு விலகியும் ஓடும். இந்தப் பென்குயின் பெரும்பாலும் 30 மீட்டருக்குள் வேட்டையாடும் பறவை. 130 மீட்டர் வரை போனதாகப் பதிவு உண்டு, ஆனால் அது அன்றாடம் நடப்பதல்ல. அது மேயும் அடுக்கின் மேல்பகுதி உங்கள் வரைபடத்தில் இல்லவே இல்லை.

அடுத்தது கரையோரம். தீவைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீருக்குள் பெரிய கப்பல் வராது. "ஒன்றுமே இல்லை" என்று வரைபடம் காட்டுமிடம், கப்பல் போகாத இடமாகவும் இருக்கலாம். மீன் பூஜ்யம் என்பதையும் அளக்கவில்லை என்பதையும் ஒரே நிறத்தில் தீட்டிய வரைபடங்கள் நிறையச் சுற்றுகின்றன. கப்பலின் ஓட்டக்கோடுகளைத் தனியாக எடுத்து மேலே போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, பகலும் இரவும். நெத்திலியும் மத்தியும் பகலில் இறுக்கமாகக் கூடும், இருட்டியதும் பரவிவிடும். பென்குயின் கண்ணால் பார்த்துப் பிடிக்கிறது. விடியலில் கிளம்பி, பெரும்பாலும் மாலைக்குள் திரும்பிவிடுகிறது. கப்பல் இரவில் கடந்த கோட்டோடு பறவையின் பகல் தடத்தை ஒப்பிட்டால் பயன் இல்லை.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் முழுதாகப் பொருந்தாது. காரணம், பென்குயின் தேடுவது மீனின் மொத்த எடையை அல்ல. கூட்டுக்குத் திரும்பும் நேரத்துக்குள், எட்டும் ஆழத்தில், பிடிபடுகிற மாதிரி இருக்கும் மீனைத்தான் தேடுகிறது. குஞ்சு இருக்கும்போது அதன் எல்லை பெரும்பாலும் 20 முதல் 40 கிலோமீட்டர். 80 கிலோமீட்டருக்கு அப்பால் எவ்வளவு மீன் இருந்தாலும் அந்தக் குஞ்சுக்கு அது இல்லாத மீன்தான்.

பதில்: அலைமானி

இரண்டாவது கேள்விக்கு: முடியும், ஆனால் எண்ணிக்கையாக அல்ல, முயற்சியின் அளவாக.

வினாடிக்கு ஒரு பதிவு இல்லாத ஆழமானித் தரவை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பறவை ஒரு தடவை முங்குவது சராசரியாக ஒரு நிமிட அளவுதான். ஐந்து வினாடிக்கு ஒரு பதிவென்றால் துரத்தலே மறைந்துவிடும். முதல் வேலை பூஜ்யத் திருத்தம். வெப்பம் மாறும்போது கருவியின் மேல்மட்ட அளவு நகர்ந்துகொண்டே போகும். அதைத் திருத்தாமல் "3 மீட்டருக்குக் கீழே போனால்தான் முங்கல்" என்று வரம்பு வைத்தால் காலையில் ஒரு கணக்கும் மாலையில் ஒரு கணக்கும் வரும்.

பிறகு ஒவ்வொரு முங்கலின் அடிப்பகுதியைப் பிரித்தெடுத்து, அதில் ஆழக்கோடு ஏறி இறங்கும் நெளிவுகளை எண்ணுவார்கள். நேராக இறங்கி நேராக ஏறும் முங்கல் பெரும்பாலும் தேடலோ பயணமோ. அடியில் நெளிவோடு நீள்வது துரத்தல். ஒரு நெளிவு ஒரு மீன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தப்பிப்போன மீனும் நெளிவு தரும். நெருக்கமான கூட்டத்துக்குள் புகுந்த பறவை ஒரே நெளிவில் நாலைந்தை விழுங்கலாம். இரை கிரில் (இறால் போன்ற சிற்றுயிர்) என்றால் இந்த முறையே கைகொடுக்காது, ஏனென்றால் உடல் அசையாமல் தலை மட்டும் வெட்டிப் பிடிக்கும். அண்டார்க்டிகாவின் அடேலிப் பென்குயினின் தலையிலும் முதுகிலும் அசைவை அளக்கும் முடுக்கமானி வைத்து, கேமராவோடு ஒப்பிட்டு 2013-ல் வெளியான ஆய்வில், ஒரு பறவை ஒன்றரை மணி நேரத்துக்குள் 244 கிரில் வரை பிடித்தது தெரிந்தது. முதுகில் இருக்கும் ஆழமானி இதில் பத்தில் ஒன்றைக்கூடக் காட்டியிருக்காது என்பது என் கணிப்பு.

தடத்தைப் பயன்படுத்துமுன் கருவியை எங்கே ஒட்டினார்கள் என்றும் பாருங்கள். இறகுக்கு அடியில் டேப்பைச் செருகி, கருவியின் மேல் சுற்றி ஒட்டுவது வழக்கம். முதுகின் கீழ்ப்பகுதி, நடுக்கோடு. முன்னால் தள்ளி வைத்தால் நீரின் இழுப்பு கூடிப் பறவை களைத்துவிடும். வாலோரம் வைத்தால் பறவை மிதக்கும்போது ஆண்டெனா நீருக்குள் போய் ஜிபிஎஸ் புள்ளிகள் விட்டுப்போகும். உடல் எடையில் 3 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்ற விதி பறக்கும் பறவைக்கு ஏற்பட்டது. நீந்தும் பறவைக்கு எடையைவிடக் கருவியின் குறுக்குப் பரப்புதான் சுமை. பெட்டி மாதிரி முகமுள்ள கருவி கட்டிய பறவையின் "நீண்ட பயணம்" மீன் பஞ்சத்தால் வந்ததா, கருவியால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

பதில்: வலைஞர்_மகள்

மூன்றாவது கேள்வியைத் தொடவில்லையே. நீருக்கு மேலே மூக்கு, நீருக்குள் கண், கூடவே மற்றப் பறவைகள்.

நுண்பாசியை நுண்விலங்குகள் மேயும்போது டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு வெளியாகிறது. ஆப்பிரிக்கப் பென்குயின் அந்த வாசனையை உணர்ந்து அதை நோக்கி வருகிறது என்பது 2011-ல் சோதனையிலேயே காட்டப்பட்டது. ஆனால் அது "இந்தப் பக்கம் மேய்ச்சல் நடக்கிறது" என்று மட்டும்தான் சொல்லும். மீன் கூட்டத்தின் இடத்தைச் சொல்லாது. தென்னாப்பிரிக்கக் கரையில் உள்ள ஸ்டோனி பாயின்ட் பறவைகளின் முதுகில் கேமரா கட்டி 2017-ல் வெளியான ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பல பறவைகள் சேர்ந்து நெத்திலிக் கூட்டத்தை ஆழத்திலிருந்து மேலே விரட்டி, சிதறவிடாமல் இறுக்கிப் பிடிக்கின்றன. அப்படிக் கூட்டாக வேட்டையாடும்போது, அதே நேரத்தில் ஒரு பறவைக்குக் கிடைக்கும் மீன் தனியாகத் தேடுவதைவிடத் தெளிவாகக் கூடுகிறது.

அலைமானி சொன்ன 3 மீட்டர் வரம்பு இங்கேதான் இடிக்கும். விரட்டப்பட்ட மீன் மேல்மட்டத்துக்கு வந்துவிட்டால் பிடிப்பும் அங்கேயே நடக்கும். பறவைகளின் எண்ணிக்கை குறையும்போது கடலில் கூட்டாளி கிடைப்பதும் குறைகிறது. இந்த இனம் 2024-ல் மிக அருகிய இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) பட்டியலுக்குப் போயிருக்கிறது. இருக்கிற மீனையும் பிடிக்க முடியாத நிலைக்கு அது தள்ளப்படலாம் என்பதுதான் என் பெரிய கவலை.

தெற்குக்கடல்: நன்றி. என்னிடம் இருப்பது நவம்பர் வரைபடமேதான். மீன் வரைபடத்துக்குப் பதிலாகச் செயற்கைக்கோள் தரும் குளோரோஃபில் (நீரில் பாசி எவ்வளவு என்று காட்டும் பச்சையம்), கடல்நீர் வெப்ப வரைபடங்களைப் போடலாமா? அவை நாள்வாரியாகவே கிடைக்கின்றன.

பதில்: நீரடி

வேண்டாம். தனியாக மட்டும் போடவே வேண்டாம். பெங்குவேலாவில் காற்று கரைநீரை வெளியே தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த சத்துநீர் ஏறுகிறது, பாசி பெருகுகிறது. அது மீனாக மாறச் சில நாளிலிருந்து பல வாரங்கள் ஆகும், அதற்குள் நீர் வேறிடம் நகர்ந்திருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் கடலில் பாசிக்கும் மீனுக்கும் இருந்த கணக்கே உடைந்துவிட்டது. நமீபியாவில் 1960-களின் இறுதியிலிருந்து அளவுமீறிப் பிடித்ததில் மத்தி வீழ்ந்தது. அதன் இடத்தில் இன்று ஜெல்லி மீனும், மத்தியைவிடச் சத்துக் குறைந்த கோபி மீனும். பாசி மட்டும் பழையபடி செழிக்கிறது. முதன்முறை கடலுக்குப் போகும் இளம் பென்குயின்கள் குளிர்ந்த, பாசி மிகுந்த நீரைத் தேடி நேராக அங்கே போய்ச் சேர்ந்து பட்டினியில் சாகின்றன. இதை 2017-ல் செயற்கைக்கோள் தடங்களோடு நிறுவினார்கள். நீங்கள் குளோரோஃபிலை மீனென்று எடுத்துக்கொண்டால் அந்தக் குஞ்சுகள் விழுந்த அதே கண்ணியில் உங்கள் ஆய்வும் விழும்.

பதில்: அலைமானி

அப்படியானால் தடத்திலிருந்தே எடுக்கக்கூடிய அளவுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பயண நேரம், நீந்திய மொத்தப் பாதை நீளம், கூட்டிலிருந்து போன அதிகபட்சத் தூரம், மணிக்கு எத்தனை நெளிவு. தீவுக்கருகே மீன் குறைந்தால் முதல் மூன்றும் நீளும். தென்னாப்பிரிக்காவின் செயின்ட் குரோயிக்ஸ் தீவைச் சுற்றி 20 கிலோமீட்டரில் சுருக்குமடி வலைக்குத் தடை வந்த மூன்று மாதத்துக்குள் பறவைகளின் உழைப்பு 30 சதவீதம் குறைந்ததாக 2010-ல் வந்த கட்டுரை இந்த அளவுகளை வைத்துத்தான் பேசியது. ஆனால் ஓராண்டு வித்தியாசத்தைத் தடையின் பலன் என்று உடனே எழுதிவிட முடியாது, அந்த ஆண்டு மீனே அதிகம் வந்திருக்கலாம். 2023-ல் பன்னாட்டு வல்லுநர் குழு எல்லாத் தீவுகளின் தரவையும் பார்த்துவிட்டு, தடையால் பலன் உண்டு, ஆனால் வீழ்ச்சியின் வேகத்தோடு ஒப்பிட்டால் அது சிறியது என்றது. 2025 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவாகிய உடன்பாட்டின்படி ஆறு பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றிப் பத்து ஆண்டுகளுக்கு மீன்பிடி மூடல் எல்லைகள் வந்திருக்கின்றன. டாசனும் ராபனும் அதில் உண்டு. உங்கள் தடங்கள் எந்த ஆண்டுகளுடையவை என்று சொன்னால், அப்போது அந்த இரண்டு தீவுகளில் எது மீன்பிடிக்கு மூடியிருந்தது என்று முதலில் பிரித்துவிட்டு, மே, ஜூன் கணக்கெடுப்போடு சேர்த்துப் பார்க்கலாம்.