1930 மாடல் ஏ கூப் பாடிக்கு அடியில் எதை வைப்பது? எஸ்-10 சேஸியா, சொந்த ஃபிரேமா?

பழங்கூப்:

கையில் இருப்பது இவ்வளவு. 1930 ஃபோர்டு மாடல் ஏ கூப் பாடி (கதவுகள் நன்றாக இருக்கின்றன, பாடியின் அடிச்சட்டம் இரண்டு பக்கமும் துருவில் போய்விட்டது). 1929 மாடல் ஏ ஃபிரேம், பின் குறுக்குச்சட்டத்தை ஒட்டி இரண்டு விரிசல். 1934 ஃபோர்டு முன் ஆக்சிலும் விஷ்போனும் (ஆக்சிலை ஃபிரேமோடு பிடிக்கும் V வடிவக் கம்பி). 1940 ஃபோர்டு ஸ்பிண்டிலும் (முன் சக்கரம் சுழலும் அச்சு முனை) ஹைட்ராலிக் டிரம் பிரேக்கும். ஓடும் நிலையில் ஒரு செவ்ரோலெட் 350 என்ஜின், அதோடு டர்போ 350 கியர்பாக்ஸ். பக்கத்து ஜங்க்யார்டில் 1988 செவ்ரோலெட் எஸ்-10 பிக்கப் ஒன்று, டூ வீல் டிரைவ், முழுதாக விலைக்கு வருகிறது.

ஃபெண்டர் (சக்கரத்தின் மேல்மூடி) இல்லாத, தாழ்வான வண்டி வேண்டும். எஸ்-10 சேஸியின் மேல் பாடியை இறக்குவதுதான் மலிவு என்கிறார்கள். சரியா? இல்லையென்றால் ஃபிரேமை எப்படி அளவெடுப்பது?

பக்கச்சட்டம்:

எஸ்-10 சேஸி வேண்டாம். எஸ்-10 வண்டியை மட்டும் வாங்குங்கள்.

சேஸி ஏன் ஒத்துவராது என்றால், மாடல் ஏ-யின் வீல்பேஸ் 103.5 இஞ்ச். சின்ன கேபின், குட்டைப் பெட்டி எஸ்-10க்கு 108.3. இந்த ஐந்து இஞ்ச் பெரிய சிக்கலில்லை, அகலம்தான் சிக்கல். மாடல் ஏ பாடி டேஷ்போர்டுக்கு முன்னால் குறுகலானது, அதன் ஃபிரேமும் முன்னே குறுகிப் பின்னே விரியும். எஸ்-10 ஃபிரேம் அந்த இடத்தில் பாடிக்கு வெளியே துருத்தும். தரையை முழுக்க வெட்டிப் புதிதாகத் தட்ட வேண்டும். ஃபெண்டர் இல்லாத வண்டியில் அதன் முன் கண்ட்ரோல் ஆர்ம்கள் வேறு வெளியே தெரியும். மிச்சம் பிடித்த காசு தகர வேலையிலேயே போய்விடும். எஸ்-10 ஃபிரேம் பழைய பிக்கப் கேபின்களுக்கு நல்ல அடித்தளம், மாடல் ஏ-க்கு அல்ல.

அந்த வண்டியிலிருந்து எடுக்க வேண்டியவை: பின் ஆக்சில், பிரேக் பெடல், ஸ்டீயரிங் கம்பம், டிரைவ் ஷாஃப்ட். டூ வீல் டிரைவ் ஆக்சில் சுமார் 54 இஞ்ச் அகலம், ஃபெண்டர் இல்லாத மாடல் ஏ-க்கு வெட்டாமலே பொருந்தும். 4x4 ஆக்சில் அகலம் கூடியது, மாறி வாங்கிவிடாதீர்கள். 7.5 இஞ்ச் பல்சக்கரம் சாதாரண 350க்கும் இவ்வளவு எடைகுறைந்த வண்டிக்கும் தாங்கும். அகல ஸ்லிக் டயர் போட்டு இழுவைப் பந்தயத்துக்குப் போனால் தாங்காது.

ஃபிரேமுக்கு 2x4 இஞ்ச் செவ்வகக் குழாய், 3/16 இஞ்ச் கனம். அடிக்கு 6.87 பவுண்டு. பக்கச்சட்டங்களுக்கு 24 அடி போதும், ஏறத்தாழ 165 பவுண்டு. குறுக்குச்சட்டங்களுக்குத் தனியாக ஒரு நீளம் சேர்த்து வாங்குங்கள். 1/8 கனத்திலும் கட்டுகிறார்கள். ஆனால் முன் ஆக்சிலின் இழுப்பு முழுவதும் பக்கச்சட்டத்தில் ஒரே புள்ளியில் விழும் வண்டி இது, அங்கே மெல்லிய சுவர் காலப்போக்கில் விரிசல் விடும்.

இனி தாழ்வு. பின்பக்கம் சட்டத்தை வெட்டி மேலே தூக்க வேண்டும். எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பின் டயர் 28.5 இஞ்ச் விட்டம் என்று வையுங்கள். ஆக்சில் மையம் தரையிலிருந்து 14.25. ஆக்சில் குழாய் 3 இஞ்ச் என்றால் அதன் மேல்விளிம்பு 15.75. மேடுபள்ளத்தில் ஏறி இறங்க 3.5 இஞ்ச் இடம் விட்டால் 19.25. சட்டத்தின் அடிப்பாகம் கதவுக்குக் கீழே தரையிலிருந்து 8 இஞ்ச் இருக்க வேண்டுமென்றால் 19.25-இல் 8 கழித்து 11.25 இஞ்ச் தூக்க வேண்டும். 10 இஞ்ச் உயரமே போதும் என்றால் 9.25. உங்கள் டயரையும் ஆக்சில் குழாயையும் டேப் வைத்து அளந்த பிறகு வெட்டுங்கள். எதிர்பார்த்ததைவிடத் தூக்கு அதிகமாக வரும், கூப்பின் டிக்கித் தரை அதில் போய்விடும். தூக்கு இருக்கைக்குப் பின்னால் தொடங்க வேண்டும், ஆக்சில் மையத்துக்குச் சுமார் 15 இஞ்ச் முன்னால்.

பின் சக்கரம் பாடியின் வளைவுக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். வீல்பேஸ் கூட்டுவதென்றால் முன்னால் மட்டும் கூட்டுங்கள். 350-இன் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருக்கிறது, பெரிய மூடி போட்ட எச்.இ.ஐ (ஜி.எம்.மின் மின்னணு இக்னிஷன்) என்றால் ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) இடிக்கும். சிறிய மூடி டிஸ்ட்ரிபியூட்டரும் குட்டை வாட்டர் பம்பும் போட்டால், முன்னால் 2 முதல் 4 இஞ்ச் நீட்டினாலே ரேடியேட்டருக்கு இடம் கிடைக்கும். குட்டைப் பம்புக்கும் நெட்டைப் பம்புக்கும் புல்லி, ஆல்டர்னேட்டர் பிராக்கெட் வேறு வேறு. ஒரே ஜோடியாக வாங்குங்கள்.

வெல்டிங்: இரண்டு சட்டத்தையும் மட்டமான மேசையில் கட்டி இறுக்கி, மூலைக்கு மூலை அளந்து, 1/16 இஞ்ச் வித்தியாசத்துக்குள் வந்த பிறகுதான் டேக் (சிறு தற்காலிக வெல்டு). 3/16 கனத்துக்கு 220 வோல்ட் மிக் (கம்பியைத் தானாக ஊட்டும்) வெல்டிங் மெஷின், 75 விழுக்காடு ஆர்கானும் 25 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு. சிறிய 110 வோல்ட் மெஷினில் வெல்டு மேலே அழகாக உட்காரும், உள்ளே பிடித்திருக்காது. தூக்கு மூட்டுகளின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் வைரவடிவத் தகடு வைத்து மூடுங்கள். ஒரே பக்கத்தில் தொடர்ந்து வெல்டு இழுத்தால் ஆறும்போது சட்டம் அந்தப் பக்கமாக வளையும். ஒரு இஞ்ச் அளவுக்கு வெல்டு, பிறகு எதிர்முனை, தொட்டுப் பார்க்கும் சூடு ஆறிய பிறகு அடுத்தது.

முன்அச்சு:

மேலே சொன்னதில் ஃபிரேம் பகுதி முழுவதும் சரி. முன்பக்கத்துக்கு என் பங்கு.

1934 ஆக்சிலை வைத்துக்கொள்ளுங்கள். அது காய்ச்சி அடித்து உருவாக்கிய ஐ-வடிவ ஆக்சில், அது கொஞ்சம் முறுகிக்கொடுக்கும். விஷ்போனை நடுவில் பிளந்து இரண்டு நுனிகளையும் பக்கச்சட்டத்தில் மாட்டினால், ஒரு சக்கரம் மேடு ஏறும்போது ஆக்சில் முறுகித்தான் ஆக வேண்டும். ஐ-பீம் முறுகும். உருண்டைக் குழாய் ஆக்சில் முறுகாது, அங்கே விஷ்போனோ பிராக்கெட்டோதான் உடையும். குழாய் ஆக்சில் என்றால் ஃபோர்-லிங்க் (ஆக்சிலை நான்கு கம்பிகளால் பிடிக்கும் முறை) போடுங்கள், பிளந்த விஷ்போன் கூடாது.

4 இஞ்ச் தாழ்த்திய ஆக்சில் புதிதாக வாங்குவதென்றால், டை ராட் (இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டீயரிங் கம்பி) இடம் மாறி விஷ்போனில் இடிக்கும். ஸ்டீயரிங் ஆர்மும் தாழ்த்தியதாக வேண்டும். பழைய ஆர்மைக் காய்ச்சி வளைக்காதீர்கள், புதியதை வாங்குங்கள். செலவு குறைவாக முடிய வேண்டுமென்றால் ஆக்சிலை அப்படியே விட்டு, காது (நுனி வளையம்) தலைகீழாகத் திருப்பிய மெயின் லீஃபும் (ஸ்பிரிங்கின் முதன்மைத் தகடு) தட்டையாக்கிய மாடல் ஏ குறுக்குச்சட்டமும் போடுங்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 2 இஞ்ச் இறக்கும்.

ஸ்பிரிங் ஷேக்கிள் (ஸ்பிரிங் நுனியை ஆக்சிலோடு இணைக்கும் அசையும் இணைப்பு) வண்டி எடையோடு நிற்கும்போது 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். நேராகத் தொங்கினால் வண்டி பக்கவாட்டில் ஆடும்.

ஸ்டீயரிங்குக்கு செவ்ரோலெட் வேகா காரில் வந்த வகைப் பெட்டி, இடது சட்டத்தில். அதிலிருந்து டிராக் லிங்க் என்ற கம்பி வலது ஸ்பிண்டிலுக்குக் குறுக்கே போகும். இதற்குப் பேன்ஹார்ட் கம்பி (ஆக்சிலும் ஃபிரேமும் பக்கவாட்டில் விலகாமல் பிடிப்பது) கட்டாயம். இல்லையென்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்கு முன் ஷேக்கிளில் ஃபிரேம் நகரும். ஃபிரேம் முனை இடதுபக்கம், ஆக்சில் முனை வலதுபக்கம், டிராக் லிங்குக்கு இணையாகவும் நீளத்தில் ஏறத்தாழ அதே அளவாகவும். நீளமோ கோணமோ மாறினால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் தானாக இழுக்கும்.

கேஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) 6 டிகிரி. மட்டமான மேசையில் 6 வைத்து வெல்டு செய்துவிட்டுப் பிறகு முன்பக்கம் தாழ்ந்த வண்டியாக நிறுத்தினால், ஃபிரேம் 2 டிகிரி சாய்ந்திருக்கிறது என்றால் மிஞ்சுவது 4தான். மேசையில் 8 வையுங்கள். டோ-இன் (முன் சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கி நெருங்கும் அளவு) 1/16 முதல் 1/8 இஞ்ச். பினியன் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் பின் ஆக்சில் பல்சக்கரம்) கோணத்துக்கும் இதே எச்சரிக்கை: என்ஜின் 3 டிகிரி பின்னால் தாழ்ந்தால் பினியன் 3 டிகிரி மேல்நோக்க வேண்டும், இரண்டும் இணை. வண்டி தன் சொந்த டயரில் நிற்கும்போது அளக்க வேண்டும்.

பழங்கூப்:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். எஸ்-10 பின் லீஃப் ஸ்பிரிங்கையே வைக்கலாமா? முன் டிரம்மை வைத்துக்கொள்ளலாமா?

பக்கச்சட்டம்:

அந்த லீஃப் வேண்டாம். சுமை ஏற்றும் பிக்கப்புக்குச் செய்தது, நீளமும் அதிகம், நான் சொன்ன தூக்கில் மாட்ட இடமே இருக்காது. காயில் ஓவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்) இரண்டு, 150 முதல் 200 பவுண்டு விகிதம் (ஒரு இஞ்ச் அமுக்கத் தேவையான எடை). சாய்த்து மாட்டினால் விகிதம் குறையும் என்பதை மறக்காதீர்கள்: 20 டிகிரி சாய்வில் சுமார் 88 விழுக்காடு, 30 டிகிரியில் 75. 200 பவுண்டு ஸ்பிரிங் 30 டிகிரியில் 150 போலத்தான் வேலை செய்யும். ஆக்சிலைப் பிடிக்க ஃபோர்-லிங்க் போட்டு, நான்கு கம்பிகளும் இணையாக இருந்தால் பின்பக்கமும் பேன்ஹார்ட் வேண்டும். மேல் இரண்டைக் கோணமாக வைத்தால் வேண்டாம்.

பிரேக்கும்_பேப்பரும்:

டிரம் வைக்கலாம், ஆனால் 1940 டிரம்மில் 5x5.5 துளை (5.5 இஞ்ச் வட்டத்தில் ஐந்து வீல் துளை), எஸ்-10 ஆக்சிலில் 5x4.75. முன்னும் பின்னும் ஒரே ஸ்பேர் வீல் போட முடியாது. அந்த ஸ்பிண்டிலுக்கு ஜி.எம். 11 இஞ்ச் ரோட்டர் மாட்டும் பிராக்கெட் கிடைக்கிறது. அதைப் போட்டால் 4.75 துளையும் ஒத்துப்போகும், டிஸ்க் பிரேக்கும் கிடைக்கும்.

மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில்தான் வரும், காலிப்பரைவிட (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) தாழ்வாக. பிரேக் எண்ணெய் திரும்பி வடிந்து முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும். டிஸ்க் பாதையில் 2 பி.எஸ்.ஐ, டிரம் பாதையில் 10 பி.எஸ்.ஐ மிச்ச அழுத்த வால்வு போடுங்கள். பூஸ்டர் இல்லாததால் பெடல் விகிதம் 6:1. பிரேக் எண்ணெய்க்கு 3/16 இஞ்ச் இரும்புக் குழாய், இரட்டை ஃபிளேர் (குழாய் நுனியை இருமடிப்பாக விரித்தது). கம்ப்ரஷன் இணைப்பு (குழாயை வளையம் இறுக்கிப் பிடிப்பது) பிரேக்கில் கூடவே கூடாது.

மாடல் ஏ-யின் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் மடிக்கு நேர் முன்னால், கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. அதை அடைத்துவிட்டு டேங்கைப் பின்பக்கம் கொண்டுபோங்கள்.

வீல் ரிம்மின் கீழ்விளிம்புகளை இணைத்து ஒரு கயிறு கட்டிப் பாருங்கள். எந்தப் பாகமும் அதற்குக் கீழே வரக்கூடாது. டயர் வெடித்தால் ரிம் தரையில் உட்காரும், அப்போது விஷ்போனோ ஆயில் பேனோ தரையில் குத்தும்.

பேப்பர்: மாடல் ஏ எண் ஃபிரேமின் இடது சட்டத்தின் மேல்பக்கம், பாடிக்கு அடியில் பொறித்திருக்கும். புதிய ஃபிரேம் போட்டால் அந்த எண்ணை வெட்டி ஒட்டாதீர்கள், அது குற்ற வழக்கில் முடியும். குழாய், ஆக்சில், என்ஜின் எல்லாவற்றின் ரசீதும் விற்றவர் கையெழுத்தும் வாங்கி வைத்து, தனியாகக் கட்டிய வண்டி என்று பதிவு செய்யுங்கள். கலிஃபோர்னியாவில் அப்படிப் பதிவாகும் வண்டிகளில் ஆண்டுக்கு 500க்குத்தான் புகை விலக்குச் சான்று. மற்ற மாநிலங்களில் விதி வேறு, இரும்பு வாங்கும் முன்பே உங்கள் டி.எம்.வி.யில் (மாநில வாகனப் பதிவு அலுவலகம்) எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பாடி பற்றி ஒன்று: அழுகிய அடிச்சட்டத்தை வெட்டுவதற்கு முன் கதவுகளை மாட்டியே வைத்து, உள்ளே குறுக்கும் நெடுக்கும் குழாய் டேக் போட்டுவிடுங்கள். அடிச்சட்டம் போனதும் கூப் பாடி விரிந்துவிடும், பிறகு கதவு இடைவெளி 3/16 இஞ்சுக்குத் திரும்பவே வராது.