மூளை ஸ்டென்ட்டும் அந்த ஐந்து நாளும்

மோல்மீன் மணி:
நேற்று ரங்கூன் கோயிலில் அன்னதான வரிசையில் ஒரு பெரியவர், "தலைக்குள் ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் கட்டி வாதம் வரும், சிரியம்காரனுக்கு வந்ததே" என்று மைக் இல்லாத குறையாகப் பேசினார். அந்த சிரியம்காரர் என் பெரியப்பா மகன். சென்னையில் மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்கு ஸ்டென்ட் என்ற குட்டி வலைக்குழாய் வைத்த ஏழாவது வாரம், கடைவாய்ப்பல் பிடுங்க, ரத்தம் கட்டாமல் தடுக்கும் கிளோபிடோக்ரெல் மாத்திரையை ஐந்து நாள் நிறுத்தினார். ஐந்தாம் நாள் வாய் கோணி வலது கை தொங்கிவிட்டது. ஸ்டென்ட்டை ஏன் திட்ட வேண்டும்?

தாட்டன்காரன்:
அந்தப் பெரியவர் நான்தான் தம்பி. பெயர் போட்டே எழுதியிருக்கலாம். ஐந்து நாள் மாத்திரை போடாவிட்டால் வாதமா? நான் பிரஷர் மாத்திரையை ஒரு மாதம் மறந்தேன், கல்லு மாதிரி இருக்கிறேன். ரத்தக்குழாயில் இரும்பை வைத்தால் ரத்தம் கட்டத்தான் செய்யும்.

மோல்மீன் மணி:
இரும்பா? அது நிக்கலும் டைட்டானியமும் கலந்த வலை. அண்ணனுக்கு வீக்கத்தின் வாய் அகலம். வீக்கத்தை அடைக்கும் மெல்லிய கம்பிச் சுருளை மட்டும் வைத்தால் வெளியே நழுவும். அதைத் தாங்கத்தான் வலை.

தாட்டன்காரன்:
ஐந்து நாளுக்குப் பதில் சொல்லு.

சிரியம் செல்வி:
நான் சொல்கிறேன். கிளோபிடோக்ரெல், ரத்தத்தைக் கட்ட வைக்கும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் முடக்குகிறது. முடங்கிய தட்டணு சாகும்வரை முடங்கியேதான் கிடக்கும், அதன் ஆயுசு ஏழு முதல் பத்து நாள். ஆனால் எலும்பு மஜ்ஜை தினமும் புதிதாக அனுப்பிக்கொண்டே இருக்கும். ஐந்து நாளில் பாதிக்கு மேல் புதுசு வந்துவிடும். வலைமேல் சவ்வு படர்ந்து மூடச் சில மாதங்கள் ஆகும். அதுவரை ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள்தான். ஆஸ்பிரினும் இதுவும் சேர்த்துக் கொடுப்பது அதற்காகத்தான்.

தாட்டன்காரன்:
பார்த்தீர்களா, அந்நியப் பொருள்! செல்வியே ஒப்புக்கொண்டாள். பத்து நாள் முடங்கிக் கிடக்கும் என்றும் அவளேதான் சொல்கிறாள். பத்து பெரிசா ஐந்து பெரிசா?

பாலா_ரங்கூன்:
சிலருக்கு மாத்திரை விழுங்கினாலும் வேலை செய்யாது. அதை உடம்புக்குள் வேலை செய்ய வைக்கும் சி.ஒய்.பி.2சி19 என்ற மரபணுவில் கோளாறு, ஆசியர்களிடம் அதிகம். 2010-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கட்டம் கட்டி எச்சரித்தது. 2018-இல் வெடிக்காத வீக்கத்துக்கு ஸ்டென்ட் வைப்பது பற்றி டாக்டர்களுக்குக் கடிதமும் போட்டது. பக்கவாதம், மரணம் எல்லாம் அதில் இருக்கிறது.

தாட்டன்காரன்:
அமெரிக்காவே சொல்லிவிட்டது. முடிந்தது.

சிரியம் செல்வி:
ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வையுங்கள் என்றுதான் சொன்னது, வைக்காதே என்று சொல்லவில்லை. பாலா, பாதியைப் படித்துவிட்டு ஓடிவரும் பழக்கம் பள்ளிக்கூடத்திலிருந்தே உனக்கு உண்டு.

பாலா_ரங்கூன்:
அக்கா, பள்ளிக்கூடத்தை ஏன் இழுக்கிறீர்கள்? அந்த ஐம்பதாயிரம் சாட் (பர்மா பணம்) விவகாரத்தை இன்னும் மறக்கவில்லையா?

மோல்மீன் மணி:
மரபணு எல்லாம் வேண்டாம். அண்ணனுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மாத்திரை நன்றாகவே கேட்டது. ஐந்து நாள். அவ்வளவுதான்.

சிரியம் செல்வி:
பல் பிடுங்க இதைப் பெரும்பாலும் நிறுத்தவே வேண்டியதில்லை. பஞ்சை அழுத்திக் கடித்தால் ரத்தம் நின்றுவிடும். ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நிறுத்தச் சொன்னது யார், பல் டாக்டரா?

மோல்மீன் மணி:
பல் டாக்டர் வாயே திறக்கவில்லை. "பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காது, மாத்திரையை விடு" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொன்ன மகான் இங்கேதான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

தாட்டன்காரன்:
நான் மூன்று நாள் என்றுதான் சொன்னேன்.

மோல்மீன் மணி:
ஐந்து. நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

தாட்டன்காரன்:
நீ எங்கே இருந்தாய்? தீமிதிக்கு வாங்கிய நெய் டின் கணக்கைக் கேட்டதும் எழுந்து போய்விட்டாயே. எட்டு டின் வந்தது, ஆறுக்குத்தான் ரசீது.

பாலா_ரங்கூன்:
ஏழு டின் அண்ணே.

தாட்டன்காரன்:
எட்டு. மூன்று நாள், எட்டு டின். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.