மகான்களின் கையெழுத்தும் கடிதமும்: தேடிப் போன இடத்தில் என்ன நடந்தது?

பழந்தாள், வெள்ளவத்தை:

யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமியின் கடிதம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொன்னால் மனதை விட்டுப் போகுமா என்று பார்க்கிறேன். சுவாமி யார், அவர் இருந்த கொழும்புத்துறைக் கொட்டில் எது என்றெல்லாம் இங்கே விளக்கத் தேவையில்லை. 1964 இல் சமாதியானவர். அவரோடு பழகியவர்கள் அருகிக்கொண்டு வருகிறார்கள். அவரிடமிருந்து கடிதம் வந்த வீடு ஒன்று கொழும்பு 6, வெள்ளவத்தையிலேயே இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அன்று பின்னேரமே போய்விட்டேன்.

லிஃப்ட் வேலை செய்யாத ஃபிளாட். ஐயா ஊர் கேட்டார், தகப்பன் பெயர் கேட்டார், பிளேன்டீ வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார் என்று நினைத்தால், தேவாரப் புத்தகத்துக்குள் இருந்து எடுக்கிறார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் தாள் விட்டுப் போயிருந்தது. மேசையில் விரித்தார், விரித்த கையோடு கடைசி வரிகளின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டார். "மேல வாசியும் தம்பி." வாசித்தேன். கீழே என்ன என்று பார்வையால்தான் கேட்டேன். "அது எனக்கு எழுதினது" என்றார். முழுக் கடிதமும் அவருக்குத்தானே எழுதியது! சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கை அசையவில்லை.

ஐயா இப்போது இல்லை. பிள்ளைகள் கனடாவில், ஃபிளாட் விற்றாகிவிட்டது. புத்தகம் எங்கே போனதோ. எனக்கு அந்தக் கடிதம்கூட வேண்டாம், கைக்குக் கீழே இருந்ததை மட்டும் யாராவது சொன்னால் போதும். "நாம் அறியோம்" என்ற தன் வாக்கியத்தைச் சுவாமி எனக்கு இப்படியா புரிய வைக்க வேண்டும்!

மக்கலம் றோட்டு:

என்னுடையது சின்னக் கதை. மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடை ஒன்று, எது என்று சொல்லப் போவதில்லை. விவேகானந்தரின் சொற்பொழிவுகள், ஆங்கிலம், அட்டை கழன்றது. முதல் தாளில் அவர் கையெழுத்து, அதன் கீழே கொழும்பு, ஜனவரி 1897. சுவாமி கொழும்பில் இறங்கியது 1897 ஜனவரி 15, அடுத்த நாள் ஃபுளோரல் ஹோலில் பேசினார், ஆக திகதி அழகாகப் பொருந்துகிறது. கடைக்காரர் சொன்ன விலையை எழுதினால் சிரிப்பீர்கள். நான் ஒன்றும் பேசாமல் தாளைப் புரட்டி அச்சிட்ட ஆண்டைக் காட்டினேன். 1907. சுவாமி 1902 ஜூலையிலேயே மறைந்துவிட்டார். மனுஷன் கண் இமைக்கவில்லை. "அவர் தீர்க்கதரிசி தானே தம்பி!"

அந்தப் பதிலுக்கே காசு கொடுத்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.

சரி, புதிதாகக் கையெழுத்துச் சேர்க்கிறவர்களுக்கு நாலு விஷயம் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லைதான். போல்பொயின்ட் பேனை கடைக்கு வந்து பரவியது 1945க்குப் பிறகு. ஆறுமுக நாவலர் 1879 இல் போய்விட்டார், பௌத்த மறுமலர்ச்சிக்கு உழைத்த அநகாரிக தர்மபால 1933 இல். இவர்கள் பெயரில் போல்பொயின்டில் எழுதிய கடிதம் வந்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள். அப்புறம் புற ஊதாக் கதிர் டோர்ச், நோட்டுப் பார்க்கிறதற்கு விற்கிறார்களே அதுதான். இருட்டில் அடித்துப் பாருங்கள், தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அதில் வெளுப்பு இரசாயனம் இருக்கிறது, அது 1950ஐ ஒட்டித்தான் கடதாசியில் பரவலாக வந்தது. பளிச்சிடாவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, பழைய புத்தகத்தின் வெற்றுத் தாளைக் கிழித்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், கோடும் கோடும் வெட்டுகிற இடத்தில் மை தேங்கியிருக்க வேண்டும், புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. பழைய இரும்பு மை காலம் போகக் கபிலமாகும், சில இடத்தில் தாளையே அரித்துவிடும். கடைசியாக ஒன்று. 1893 இல் அமெரிக்கா போவதற்கு முன் விவேகானந்தர் எழுதிய சில கடிதங்களில் சச்சிதானந்தர் என்றுதான் கையெழுத்து வைத்திருக்கிறார். போலி செய்கிறவன் அவ்வளவு தூரம் படிக்க மாட்டான், அவனுக்குப் படத்துக்குக் கீழே அச்சடித்த ஒரே கையெழுத்துத்தான் தெரியும்.

கொட்டாஞ்சேனைப் பேரன்:

மேலே உள்ளவர் பூதக்கண்ணாடியோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அம்மம்மா செருப்பைத் தூக்கியிருப்பா.

அம்மம்மா கல்கத்தா போனபோது அன்னை தெரேசாவின் தாய்மடத்தில் காலைப் பூசைக்குப் பிறகு கிடைத்தது. அன்னை எல்லாருக்கும் கொடுக்கிற அந்தச் சின்ன அட்டை தெரியும்தானே, ஜெபம் அச்சடித்தது. அதன் பின்பக்கத்தில் ஆசீர் வார்த்தையும் கையெழுத்தும். இது அபூர்வமான சாமான் இல்லை, அன்னை கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர். ஆனால் 2016 இல் புனிதர் பட்டம் கொடுத்த பிறகு வெளிநாட்டு ஏலங்களில் என்ன விலை போகிறது என்று பார்த்துவிட்டு ஓடிப் போய் அம்மம்மாவின் பைபிளைத் திறக்கிறேன், கையெழுத்தின் முதல் பாதி இல்லை. ஒவ்வொரு இரவும் ஜெபம் முடிந்து அதிலேதான் முத்தம் கொடுப்பாவாம். மை கரைந்து ஒரு நீலப் புகைதான் மிச்சம்.

நல்ல பொலியெஸ்டர் உறை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன், தாளைக் கெடுக்கிற மலிவான பிவிசி இல்லை. அம்மம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "பிளாஸ்டிக்கை நான் எப்படியடா கொஞ்சுறது?" எனக்குப் பதில் வரவில்லை. உறை இன்னமும் என் அலுமாரியில் வெறுமையாகக் கிடக்கிறது.

விற்கிற கதை எடுப்பவர்களுக்கு: திருச்சபைச் சட்டம் 1190, புனிதர்கள் விட்டுச்சென்ற புனிதப் பண்டங்களை விற்பது அறவே தடை. கையெழுத்து வைத்த அட்டை அதில் அடங்குமா என்று பங்குச் சுவாமியிடம் கேட்டேன், "அம்மம்மா உயிரோட இருக்கேக்க என்ன கேள்வி இது" என்று என்னைத்தான் ஏசினார்.

ஆடிவேல்:

பழந்தாள் மேல் எனக்குக் கோபம். ஐயாவிடம் பேசி ஒரு படமாவது எடுத்திருக்கலாம். ரீட் அவெனியூத் தேசிய சுவடிக்கூடம் பத்து நிமிட ஓட்டோ தூரம், அங்கே ஒரு பிரதியைச் சேர்த்திருக்கலாம். அவருக்குத் தனிப்பட்டது என்று விட்டுவிட்டு வந்தால் இப்படித்தான், பிள்ளைகள் பழைய பேப்பரோடு போட்டிருப்பார்கள். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்களும் சுவடிகளும் போனதைப் பார்த்த சனம் நாங்கள். அதற்குப் பிறகும் ஒரே பிரதி, ஒரே வீடு என்று இருப்போமா?

1983 கலவரத்தில் எங்கள் வீடும் எரிந்து போனது. அப்பப்பாவுக்கு விபுலாநந்த அடிகள் எழுதிய தபாலட்டை ஒன்று அலுமாரிக்குள் இருந்தது. சின்ன வயதில் எத்தனையோ தடவை கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், வாசித்தும் இருப்பேன். இன்று ஒரு சொல் ஞாபகம் இல்லை. மனதில் நிற்பது ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை போட்ட முத்திரை மட்டும். அடிகளுடைய எழுத்து ஒன்றும் வராமல் அந்த ராஜாவின் மூக்கு மட்டும் இவ்வளவு தெளிவாக வருகிறதே, அதுதான் எரிச்சல்.

பழந்தாள், வெள்ளவத்தை:

ஆடிவேல் அண்ணை, வீட்டுக்குள் இருத்தித் தேத்தண்ணி தந்த மனிதர் கையால் மூடுகிறார், நான் ஃபோனை நீட்டவா? உங்கள் அட்டை எரிந்ததற்கு நான் என்ன செய்ய. சுவடிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தால் நாளைக்கு யாரும் வந்து வாசிக்கலாம், அந்த வரிகளையும்தான். ஐயா அதற்குச் சம்மதித்திருப்பார் என்று எனக்குப் படவில்லை.

தெமட்டகொடை நானா:

நீங்கள் சண்டை பிடியுங்கள், எங்கள் குடும்பத்தில் கடிதத்தையே கத்திரிக்கோலால் பிரித்தார்கள்.

உம்மாவின் வாப்பாவுக்குக் கீழக்கரைப் பக்கத்து ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், ஒருவர் எழுதிய கடிதம், முழுக்க அறபுத் தமிழ். தெரியாதவர்களுக்கு, பாஷை தமிழ், எழுத்து அறபு, அறபில் இல்லாத தமிழ் ஓசைகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டி எழுதுவார்கள். ஒரு காலத்தில் இங்கே கணக்கு, கடிதம், மார்க்கக் கிதாபு எல்லாம் அதில்தான். இப்போது மத்ரஸாவிலேயே சரளமாக வாசிக்கிற ஆளைத் தேட வேண்டும். உம்மாவின் வாப்பா மௌத்தானதும் பிள்ளைகள் நாலு பேரும் பரக்கத்துக்காக, அதாவது இறையருளுக்காக, ஆளுக்கொரு துண்டாக வெட்டி எடுத்தார்கள். உம்மாவின் துண்டு சட்டம் போட்டுச் சுவரில். சாச்சியின் துண்டு தாயத்துக் கூட்டுக்குள், தலையிடிக்கு அதை நெற்றியில் வைப்பா. மாமாவின் துண்டு அவருடைய கடை லாச்சியில்.

வாசிக்கத் தெரிந்த வயசான மௌலவி ஒருவர் கிடைத்தார். உம்மாவின் துண்டில் ஸலாமும் துஆவும். மாமாவின் துண்டில் சுகம் விசாரிப்பு. சாச்சியிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு போன துண்டை அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு தரம் வாசித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் வாசித்தார். "கம்பாயம் ரெண்டு, கருவாட்டுப் பொதி ஒண்டு, காசு மிச்சம் பிறகு அனுப்பவும்." அவருக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு, பள்ளிவாசல் என்று அடக்கிக்கொண்டோம். திருப்பிக் கொடுக்கும்போது சாச்சி என்ன எழுதியிருக்கு மகன் என்று கேட்டா. நல்ல விஷயம் சாச்சி என்றேன். தலையிடி இப்போதும் சுகமாகுதாம்.

புன்னைக்காயல் வழி:

நானாவின் சாச்சிக்குத் துணை இருக்கிறது. புனித சவேரியார் 1546 இல் மொலுக்கஸ் தீவுகளில் இருந்து ஐரோப்பாவில் உள்ள தன் சபைச் சகோதரர்களுக்கு எழுதுகிறார்: நீங்கள் எழுதிய கடிதங்களில் இருந்து உங்கள் கைப்பட்ட பெயர்களை வெட்டி எடுத்து எப்போதும் என்னோடு வைத்திருக்கிறேன் என்று. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் மணப்பாடு, தூத்துக்குடிக் கரையில் எங்கள் பரதர் சனத்துக்கு நடுவில் நின்று தன் துணை ஊழியர் மன்சிலாஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஆக கையெழுத்துச் சேர்க்கிற எங்கள் தொழிலுக்குப் பாதுகாவலர் அவர்தான் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு.

ஆனால் அவர் வெட்டியது பாசத்தில். கொழும்பு மூன்றில் ஒரு பழைய வீட்டில் சாமான்கள் விற்பனைக்கு வந்தபோது ஒரு ஆல்பம் பார்த்தேன், பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிகள், பிஷப்மார், எல்லாம் நறுக்கிய கையெழுத்துகள், கோந்து பூசி வரிசையாக ஒட்டியிருந்தது. ஒரு துண்டு கழன்று கையில் வந்தது. திருப்பினேன். பின்பக்கத்தில் நறுக்கிய கடிதத்தின் அரை வரி, ஆங்கிலத்தில்: குழந்தைக்கு நேற்றிரவு. அவ்வளவுதான். குழந்தைக்கு நேற்றிரவு என்ன? வெட்டினவனுக்குப் பெயர் போதும், அந்தக் குழந்தையைக் குப்பையில் போட்டுவிட்டான். அந்த ஆல்பத்தை நான் வாங்கவில்லை, வாங்கினவர் இங்கே இருந்தால் அந்தத் துண்டைத் தேடிப் பார்க்கவும், பச்சை அட்டை, மூலையில் எலி கடித்தது.

மக்கலம் றோட்டு:

கனடாக் கதை வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிருந்து பழைய கையெழுத்துப் பிரதி, ஏடு எதையும் சூட்கேசில் போட்டுக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்தால் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தியதென்றால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளியே போகாது. 1988 இல் வந்த கலாசாரச் சொத்துச் சட்டம் வலையை இன்னும் அகலமாக வீசுகிறது. ஆகவே முதலில் விசாரியுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லெமினேட் பண்ணவே பண்ணாதீர்கள், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், இராமபாணப் பூச்சிக்கு என்று மருந்துக் குளிசையைத் தாளோடு சேர்த்து வைக்காதீர்கள். நானா, அந்த நாலு துண்டையும் ஒரு நாள் ஒன்றாக வைத்து ஸ்கேன் எடுங்கள், அசலை அவரவரிடமே விட்டுவிடலாம்.

தெமட்டகொடை நானா:

நாலாவது துண்டு அக்குறணையில் பெரியும்மாவிடம். கேட்டுப் பார்த்தேன். "முதல்ல மத்த மூண்டையும் இங்க கொண்டு வா, நான்தான் மூத்தவ" என்கிறா. இதைக் கேட்ட நாளிலிருந்து சாச்சி தாயத்தைக் கழற்றுவதே இல்லை.